திறந்து மூடியவள்

“எங்க துறை ஜர்னலை நிறுத்திடுங்க மேடம்.”

எதை வேண்டுமானாலும் கேள், நூலகத்தில் போய் இதை மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதே என்று அவளுடைய ஆய்வு நெறியாளர் சொல்லி வைத்திருந்தார்.

நூலகர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இந்த அறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் எங்களுடையதை நிறுத்தாதீர்கள் என்று மூக்கைச் சிந்தத்தான் வருவார்கள்.

பதிப்பகங்கள் வருடா வருடம் சந்தாவை ஏற்றின. பல்கலைக்கழகம் கையை விரித்தது. எந்த ஆய்விதழைக் கணினியில் குறைவாகத் திறக்கிறார்களோ அதன் கழுத்தில் கத்தி. அதுதான் முறை.

அதிகம் திறந்த கணக்கில் அவள் துறை இதழுக்கே முதலிடம். விலையிலும் அதற்குத்தான். அந்த ஒரு சந்தாவில் சின்ன இதழ்கள் எத்தனையோ வாங்கலாம்.

“உங்க துறைப் பிள்ளைங்க மாதிரி யாரும்மா படிக்கிறா? விடிஞ்சா போதும், திறந்துடுறீங்க.”

அவளுக்கு மென்று முழுங்கத் தெரியாது. வீட்டின் முதல் பட்டதாரி. பட்டம் ஏறியும் வாய்க்கு மெருகு ஏறவில்லை என்பது நெறியாளரின் கேலி. போட்டு உடைத்தாள். யாரும் படிக்கவில்லை. பல் தேய்த்த கையோடு கட்டுரை கட்டுரையாகத் திறந்து மூடுவது நெறியாளர் அவளுக்குக் கொடுத்த வேலை. அதைச் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தாள்.

விடுதியில் அவளுக்குப் பக்கத்துக் கட்டில் அக்கா, காது கேளாத குழந்தைகளைப் பற்றி ஆராய்கிறவள். அக்காவின் குழு ஒரு கட்டுரையை ஒரே முறை திறக்கும். ஒரு பிரதி எடுக்கும். கிழிகிற வரை ஐந்து பேரும் சுற்றிப் படிப்பார்கள். ஓரமெல்லாம் ஐந்து கையெழுத்து.

கணக்கில் அது ஒன்று.

போன மாதம் அவர்கள் படித்த இதழைத்தான் நிறுத்தினார்கள். இன்று காலை அக்கா ஆய்வைப் பாதியில் விட்டுப் பெட்டி கட்டினாள். போகிற போக்கில் பிரதிக் கட்டை இவள் மடியில் வைத்து, விடியற்காலையில் எழுந்து படிக்கிறவள் நீதானடி, வைத்துக்கொள் என்றாள்.

எங்களுடையதை நிறுத்தி அதைத் திரும்ப வாங்குங்கள் என்றாள் இவள், நூலகரிடம்.

நூலகர் எழுந்து கதவைச் சாத்தினார். கணக்கில் கள்ளம் செய்தவர்களின் நூலக அனுமதி ரத்தாகும், அனுமதி போனால் ஆய்வும் போகும், நான் எதையும் காதில் வாங்கவில்லை, பேசாமல் போய்விடம்மா என்றார்.

அவள் எழுந்தாள்.

அப்போதுதான் நூலகர் மேசையைப் பார்த்தார். பேச ஆரம்பிக்கும் முன்பே அவள் கழற்றி வைத்திருந்த நூலக அட்டை, புகைப்படம் மேலே தெரிய, அங்கே கிடந்தது.

அவர் கூப்பிடுவதற்குள் அவள் வாசலுக்குப் போயிருந்தாள். அங்கிருந்த தடுப்புக் கம்பி, உள்ளே வருகிறவர்களிடம்தான் அட்டை கேட்கும்.