கண்டிச் சீமைப் பிள்ளைகள்

"ஐயோ, பஸ்ஸைக் காணோம்டி!"

ஞானமணி சுற்றுமுற்றும் பார்த்தாள். பல்லவன் குளத்துக் கரையில், சரியாக இந்த இடத்தில்தான் எல்லாரும் இறங்கினார்கள். இப்போது அங்கே வெள்ளரிப்பிஞ்சு விற்கிற ஒரு பெண் மட்டும் கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"நாலு மணிக்குள்ள வராதவங்களை விட்டுட்டுப் போயிடுவேன்னு டீச்சர் சொன்னாங்களே! இப்ப மணி நாலரை" என்றாள் மீனம்மாள். அவள் கண்களில் நீர் முட்டிவிட்டது.

இருவரும் கண்டியில் கல்லூரி மாணவிகள். அந்த 1956-ஆம் வருஷ லீவில் கப்பலேறி, ரயிலேறி, வகுப்புத் தோழிகளோடு ஊர் பார்க்க வந்திருந்தார்கள். அன்று காலை திருச்சியில் வாடகைக்குப் பிடித்த பஸ்ஸில், கடைசி சீட்டில் பாட்டும் சிரிப்புமாக வந்து, நார்த்தாமலை ஏறி இறங்கி, மத்தியானம் புதுக்கோட்டைக் கடைத்தெருவுக்குள் புகுந்தார்கள். இந்த ஊர் வீதிகளோ நூல் பிடித்து வெட்டியவை. ஒன்றைப் போலவே இன்னொன்று. வளையல் கடையிலிருந்து வெளியே வந்தவர்களுக்குக் கிழக்கு எது, மேற்கு எது என்றே புரியவில்லை. அலைந்து திரிந்து குளத்தைக் கண்டுபிடித்தால், பஸ் இல்லை!

"கண்டிச் சீமைப் பிள்ளைகதானே நீங்க? இங்க என்ன பண்றீங்க?"

குளித்த ஈரத் தலையும் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக ஒருவர் நின்றிருந்தார்.

"எங்க பஸ்ஸு போயிடுச்சு அண்ணே!"

"எங்கிட்டும் போகல தாயி. பெரிய வண்டிய இங்க நிறுத்தக் கூடாதுன்னு போலீசுக்காரரு வெரட்டிட்டாரு. மேல வீதிக் கடைசியில புளியமரத்தடியில நிக்கிது. வாங்க, நானும் அங்கிட்டுத்தான் போறேன்."

போன உயிர் திரும்பி வந்தது. இருவரும் அவர் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். அவர் பெயர் சேவுகனாம், சொந்த ஊரே இதுதானாம். சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டு வந்தவர், ஒரு சந்து முனையில் நின்றுவிட்டார்.

"தாயி, இந்தச் சந்துலதான் எம் மாமியா வீடு. பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. வேல வேலன்னு அலைஞ்சு, இன்னும் மொகங்கூடப் பாக்கல. ஒரு எட்டு உள்ள போயிட்டு வந்துருவோமா?"

மீனம்மாள் ஞானமணியின் கையைக் கிள்ளினாள். "வேண்டாம்டி. முன்னே பின்னே தெரியாத ஆள்."

"அதுக்குள்ள பஸ்ஸு கிளம்பிட்டா அண்ணே?" என்றாள் ஞானமணி.

"கெளம்பாது."

"எப்படிச் சொல்றீங்க?"

"கெளம்பாதுன்னா கெளம்பாது. என்னைய நம்புங்க."

ஞானமணி அவர் முகத்தைப் பார்த்தாள். பெற்ற பிள்ளையை இன்னும் பார்க்காத மனிதர். 'வேண்டாம்' என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வாசலிலேயே மாமியார் பிடித்துக்கொண்டாள். "இப்பத்தான் மாப்பிள்ளைக்கு வழி தெரிஞ்சுதாக்கும்? இவுக யாரு?"

"நம்ம ஊரு பாக்க வந்த பிள்ளைக அத்தை. வழி தவறிப் போச்சுக."

உள்ளே அவர் மனைவி செவந்தி பாயில் படுத்திருந்தாள். "ஒங்க அய்யா வந்துட்டாரு, பாரு" என்று துணிச்சுருளை நீட்டினாள். சேவுகன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். குழந்தையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, அதன் மூக்கையும் காதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒங்க மூக்குத்தான்" என்றாள் செவந்தி.

"பாவம்!" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். மீனம்மாளும் சிரித்துவிட்டாள்.

ஞானமணி, அக்காள் குழந்தைக்கென்று வாங்கிய குட்டிக் கருவளையல்களை எடுத்துச் செவந்தியிடம் கொடுத்தாள். மாமியார் ஆளுக்கு ஒரு வாய் சீனி போட்டாள். காப்பியும் வந்தது. சேவுகன் சொட்டு விடாமல், நிதானமாக ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

"அண்ணே... பஸ்ஸு?"

"நிக்கும் தாயி. நீங்க குடிங்க."

ஒருவழியாகப் புளியமரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்தரை. பஸ் நின்றிருந்தது! தோழிகள் எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். முகம் சிவக்க டீச்சர் படியிலேயே நின்றிருந்தார்.

"மன்னிச்சிடுங்க டீச்சர், எங்களாலதான் எல்லாருக்கும்..." என்று ஆரம்பித்தாள் ஞானமணி.

டீச்சரின் பார்வை அவளைத் தாண்டிப் போயிற்று.

"எவ்வளவு நேரமா உங்களைத் தேடுறது? இனி எப்ப மதுரை போய்ச் சேர்றது?"

"கோவிச்சுக்காதீங்கம்மா, பொம்பளப் புள்ள பொறந்திருக்கு" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்ன சேவுகன், முன்பக்கமாக ஏறி, அங்கே தொங்கிய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, பஸ்ஸைக் கிளப்பினார்.