தலை எண்ணும் நாள்

"இன்னைக்கு எவளாவது பஸ் ஏறினா காலை ஒடிச்சிடுவேன். எல்லாரும் நடங்கடி!"

லோடு அக்கா போட்ட சத்தத்தில், வந்து நின்ற பஸ் ஆளில்லாமலே கிளம்பிப் போனது. கிடங்கில் மூட்டை தூக்கும் நூற்றிருபது பெண்களுக்கும் அவள்தான் தலைவி.

விஷயம் இதுதான். நகரத்துக்கு இலகு ரயில் வரப்போகிறது. அதன் இரண்டு பாதைகளும் சந்திக்கும் நிலையத்தை இந்த முக்கில் கட்டுவதா, அடுத்த முக்கில் கட்டுவதா என்று பார்க்க, இன்று ஒரே ஒரு நாள் ஆள் எண்ணுகிறார்கள். தினமும் இந்த முக்கில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் கால் கடுக்க நின்று, கிடங்குக்குப் போவதற்குள் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அன்றைய பிழைப்பு போச்சு. ரயில் வந்தால் அந்தப் பாடு தீரும். ஆனால் நூற்றிருபது தலைக்கு எவன் நிலையம் கட்டுவான்?

மரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான் ஒரு கண்ணாடிக்காரன். கையில் எண்ணும் கருவி. ஒரு ஆள் கடந்தால் ஒரு டக்.

பெண்கள் அவனைக் கடந்து சந்துக்குள் புகுந்து, கொண்டையைப் பின்னலாக்கிக்கொண்டு மறுபடி வந்தார்கள். மறுபடி, மறுபடி.

"அக்கா, நீங்க இதோட எட்டாவது தடவை..."

"ரோடு என்ன உங்கப்பன் போட்டதா? நடந்தா எண்ணு."

"எண்ணுறேன்கா. ஆனா நான் எதுக்கு..."

"வாயை மூடு. விரலை மட்டும் ஆட்டு."

டக்.

"முட்டி கழண்டுடும் போலிருக்குக்கா" என்று அழுதாள் குட்டச்சி.

"மூட்டை தூக்கிக் கழலாத முட்டியா இப்ப கழலப்போகுது? நடடி!"

பஸ் நிறுத்தப் பெஞ்சில் ஒரு பெரியவர், குடையை விரித்து, காதில் பேனாவைச் செருகிக்கொண்டு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யோவ், வெட்டியா உக்காந்திருக்கிறதுக்கு எங்ககூட ரெண்டு சுத்து நடந்தா குறைஞ்சா போயிடுவே?"

"எனக்கு இங்கதாம்மா வேலை."

"கொட்டாவி விடுறதா? நல்ல உத்தியோகம்யா!"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மத்தியானம் வரைக்கும் பொறுத்துப் பார்த்த பெரியவர், குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டூலைக் கடந்து போனார்.

"இந்தாளையும் சேத்துக்கோ!" என்று கத்தினாள் அக்கா.

டக்.

சாயங்காலம் கண்ணாடிக்காரன் கருவியைக் காட்டினான். மூவாயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு. பெண்கள் போட்ட கூச்சலில் மரத்துக் காக்கைகள் பறந்தன. குட்டச்சி முட்டியை மறந்து ஆடினாள்.

அக்கா அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "ரயில் எங்களுக்குத்தான்! காலையிலேருந்து என்னமோ சொல்ல வந்தியே, இப்ப சொல்லு தம்பி."

அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டே ஸ்டூலை மடக்கினான்.

"நான் நடைபாதைக்கு ஆள் எண்ண வந்தவன்கா. ரயிலுக்கு, இங்க பஸ் மாறி ஏறுறவங்களை எண்ண வந்தவர் அந்தக் குடைக்காரர். ஒரு தலைகூட ஏறலைன்னு முட்டை போட்டுட்டு மத்தியானமே போயிட்டார். நீங்க கவலைப்படாதீங்க, நடைபாதை நல்லா அகலமா வரும்."