ஆகக் குறைவில்

“வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற வேப் ஒண்டு வேணும், பிள்ளை. விலை கனக்கப் போகாமல் பாருங்கோ.”

கல்லாவில் நின்ற சாம்பவிக்கு ஆளைத் தெரிந்தது. போன மாதம் இதே புவாண்ட்-கிளேர் கடைக்கு வந்து, மகன் புகைக்கிற வேப்பை, அந்த மின்சிகரெட்டை, அவள் கண்முன்னாலேயே நிலத்தில் அடித்து உடைத்து, “பிள்ளையளுக்கு நஞ்சு விக்கிறியளோ?” என்று கத்தியவர்.

“மகனுக்கோ, அங்கிள்?”

“ஓம். நான் உடைச்சது மாதிரியே வேணும்.”

தகப்பனும் மகனும் ஒருவழியாகச் சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைத்து அவள் சிரித்தாள். இரண்டை எடுத்து வைத்தாள்.

“இது பொத்தானை அமத்துறது, விலை கூட. இது அடியில திருகிறது, முப்பது டொலர். உங்கட மகன் வைச்சிருந்தது இதுதான்.”

“அப்ப இதையே தாங்கோ. ஆகக் குறைவு எவ்வளவு?”

“ரெண்டு வோல்ட். புகை லேசாத்தான் வரும். அவர் எப்பவும் நாலில வைக்கிறவர்.”

“நாலு வேண்டாம். அவனுக்கு இருமல்.” அவரே இரண்டுக்குத் திருகினார்.

“அஞ்சு நிமிசம் நில்லுங்கோ, சார்ஜ் போட்டுத் தாறன்.”

“தேவையில்லை, பிள்ளை. அவன் போய் இண்டைக்கு எட்டாம் நாள், எட்டுச் செலவு. விருப்பமானதெல்லாம் படத்துக்கு முன்னால படைக்க வேணுமெண்டு தாய் அழுகிறாள்.”

சாம்பவி கையில் எடுத்த சார்ஜ் வயரைத் திரும்ப வைத்தாள்.

அவர் காசைக் கொடுத்துவிட்டுப் போனார். கதவடியில் நின்று பெட்டியைத் திறந்து, இரண்டிலேயே இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்தார்.