பின்சீட்டு

“இந்த மலைப்பாதை முழுக்கப் பின்னாடி உட்கார்ந்து வர்றியே, பயமா இல்லையாம்மா?” கார்பாத்திய மலைக்கிராமத்துச் சாராயக்கடைக்காரர் என்னிடம் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் என் கணவன் தோரு முந்திக்கொண்டான். “பயமா? வளைவுக்கு வளைவு என் இடுப்பை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, காதுல ஒரே கத்தல்!”

கடையே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவனுக்கு மூன்றாவது கிளாஸ் பிளம் சாராயம் ஊற்றும்போது கடைக்காரர் தயங்கினார். “வண்டி ஓட்டறவன் ஒரு சொட்டுகூடத் தொடக் கூடாதே, தம்பி?”

“எனக்கு இதெல்லாம் தண்ணி, மாமா!”

என் எலுமிச்சைச் சாற்றை மடக்கென்று குடித்துவிட்டு எழுந்தேன். என் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தேன். வாசலில் நின்ற என் பைக்கைக் கிளப்பினேன்.

சிரிப்பு நின்றது.

“இலிங்கா! இரு, நான் ஏறிக்கிறேன்! எனக்கு ஓட்டத் தெரியாதுடி!”

வளைவுக்கு வளைவு என் காதில் கத்திய அதே குரல்.

கியரைப் போட்டுப் புறப்பட்டேன்.