பிறைத் தழும்பு

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பதினோரு பேரைச் சங்கிலியால் விளாசித் தள்ளியிருந்தாள் காயம்மா. ஒருத்தரும் கத்தவில்லை. பன்னிரண்டாவதை மேஜைமேல் மல்லாத்திப் போட்டு, எங்கே அடித்தால் நன்றாகத் தழும்பு விழும் என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேர் என்று சொன்னது ஒரு மரியாதைக்குத்தான். எல்லாம் துப்பாக்கிகள்.

அந்தக் காலப் போர்த் துப்பாக்கிகளை அதே அச்சில் புதிதாகச் செய்கிற தொழிற்சாலை அது. ஒவ்வொரு தடவை சுட்டதும் பக்கத்துக் கைப்பிடியை இழுத்துத் தள்ள வேண்டிய ரகம். அதற்கான பித்தளைத் தோட்டாக்களும் அங்கேயே, அடுத்த கொட்டகையில். சினிமாக்காரர்களுக்கும் சேகரிப்பவர்களுக்கும் பழசாகத் தெரிந்தால்தான் திருப்தி.

ஒரு சங்கிலி, ஒரு சாவிக்கொத்து, மரக்கட்டையைப் பழுப்பாக்க ஒரு பாத்திரம் டீ டிகாஷன். இவ்வளவையும் வைத்துக்கொண்டு நேற்றுப் பிறந்த துப்பாக்கிக்கு ஒரே நாளில் அறுபது வயதை ஏற்றிவிடுவாள் காயம்மா. ஏழு வருடத்தில் அவள் செய்த சேதாரத்தை இரண்டு உலகப்போரும் சேர்ந்து செய்திருக்காது!

அடித்து அடித்து முழங்கைக்குக் கீழே உணர்ச்சியே போய்விட்டது. மனசும் ஏறக்குறைய அப்படித்தான். புருஷன் காரியம் முடிந்த மறுநாள் காலையில் வந்து, யாரோடும் பேசாமல் நாற்பது துப்பாக்கிக்குக் காயம் போட்டவள்.

"காயம்மா, ஆபீஸ் ரூமுக்கு வாங்க" என்று எட்டிப் பார்த்தார் மேனேஜர். "நிஜக் காயம் ஒண்ணு வந்திருக்கு. நீங்க பார்த்துச் சொன்னாதான் சரியா இருக்கும்."

ஆபீஸ் அறையில், எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் மடியில் துப்பாக்கியைக் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகன், ஐம்பது வயது இருக்கும், நிற்கவே முடியாத பூரிப்பில் நின்றான்.

"அப்பா போர்ல வச்சிருந்த துப்பாக்கிம்மா. ஒரு வியாபாரிகிட்ட தேடிப் பிடிச்சேன், அஞ்சு தோட்டாவோட! நாளன்னைக்கு டவுன் ஹால்ல கண்ணாடிப் பெட்டியில வைக்கப்போறாங்க, அப்பா பேர் போட்டு. அசல்தான்னு விவரம் தெரிஞ்சவங்க ஒரு கடுதாசி குடுத்தா போதுமாம்."

"அப்பாவோடதுதான்னு எப்படித் தெரியும்?"

"அவரே சொன்னாரே! வருஷக்கணக்கா வாயத் திறக்காம சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவரு. தட்டு வச்சா வச்சபடி இருக்கும். இது வந்தன்னிக்கு, இதோ இந்தத் தழும்பைத் தடவினார். 'என்னோடதுதான்டா, பதுங்குகுழியில எதிரி கத்தி பட்டது'ன்னார். அன்னியிலேர்ந்து ரெண்டு வேளை சாப்பிடறார்மா!"

காயம்மா குனிந்து பார்த்தாள். கட்டையின் அடியில் பிறை மாதிரி ஒரு பள்ளம்.

அவள் சாவிக்கொத்தில் ஸ்டோர் ரூம் சாவிக்கு நுனி உடைந்திருந்தது. ஓங்கி அடித்த இடமெல்லாம் பிறையாகத்தான் விழும். போன மழைக்காலத்தில் அவளே போட்ட காயம் இது. தோட்டாக்கள்கூட அவள் வினிகரில் ஊறவைத்து மங்கடித்தவைதான். சத்தம் வராதபடி மேலங்கிப் பையில் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா லேசுப்பட்ட ஆளில்ல" என்று மகன் விடாமல் அளந்தான். "'நான் ஒரு நாள் படுத்துட்டா அங்க முந்நூறு பேர் கதி அதோகதி'ன்னு, நான் சின்னப் பையனா இருக்கறப்பவே சொல்வார்."

பெரியவர் துப்பாக்கிக் கட்டையை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, நிதானமாக முகர்ந்தார்.

"பாருங்க, பாருங்க! போர்க்கள வாசனை!" என்றான் மகன்.

மேனேஜர் அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "என்னம்மா? டூப்ளிகேட்னா இப்பவே சொல்லிடுங்க. நாளைக்கு வெளிய தெரிஞ்சா நம்ம மானம் கப்பலேறிடும்."

சொன்னால் இரண்டே வார்த்தை. அதோடு அந்தப் பெரியவர் திரும்பச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். ஏழு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு முழங்கைக்குக் கீழே என்னமோ சுருக்கென்றது.

"அசல்தான் சார்" என்றாள் உரக்க. "இந்த மாதிரி காயத்தை யாராலயும் வேணும்னு போட முடியாது."

மகன் கையெடுத்துக் கும்பிட்டான். கடுதாசியை டைப் அடிக்க அவனைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார் மேனேஜர்.

காயம்மாவும் நகரப் பார்த்தாள். பெரியவர் விரலை ஆட்டிக் கூப்பிட்டார்.

"நல்ல மனசும்மா உனக்கு."

"அய்யோ, உள்ளதைத்தானே சொன்னேன் ஐயா."

அவர் கட்டையை இன்னொரு தடவை முகர்ந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். "டிகாஷன் இன்னும் ரெண்டு கொதி வந்திருக்கணும்."

காயம்மா பையிலிருந்து சட்டென்று கையை எடுத்ததில் சாவிக்கொத்தும் கூடவே வந்து தரையில் விழுந்தது. "ஐயா... உங்களுக்கு எப்படி..."

பெரியவர் தரையில் கிடந்த நுனி உடைந்த சாவியைப் பார்த்தார். துப்பாக்கியிலிருந்த பிறையைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பையன்கிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. பட்டாளத்துல நான் சமையல்காரன்."