மல்லிகைப்பூ, ஐந்து ரூபாய்

மனைவி ரேணுகாம்பாள் இறந்து இரண்டு வருடமாகியும், பௌர்ணமிதோறும் அருணகிரியின் கம்ப்யூட்டரில், வீட்டுக் கணக்கில், ‘மல்லிகைப்பூ, ஐந்து ரூபாய்’ என்று ஒரு வரி தானாக வந்தது. கிரிவலம் கிளம்பும் முன் அவள் வாங்குவது. மணிபர்சிலும் சரியாக ஐந்து ரூபாய் குறைந்தது.

“சாஃப்ட்வேர் கோளாறுப்பா. வேற போட்டுத் தரேன்,” என்றாள் மகள் நந்தினி. பழைய கணக்கு எதையும் ஏற்றாமல் புதியதைப் போட்டாள். அதிலும் பூ வந்தது.

மூன்றாவதைப் போட்டாள். “இனிமே வராது பாருங்க. அம்மாகூட இவ்ளோ பிடிவாதம் பிடிச்சதில்ல.”

அருணகிரி வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த பௌர்ணமியன்று பூ இல்லை. ‘கீழ்பென்னாத்தூர் பஸ், ஒரு டிக்கெட்’ என்று மட்டும் இருந்தது. கோபித்துக்கொண்டால் ரேணுகாம்பாள் போகும் தாய்வீடு அங்கேதான்.

மறுநாளே பழைய சாஃப்ட்வேரைத் திரும்பப் போடச் சொன்னார். ஐந்து பௌர்ணமிகள் போய்விட்டன. ஒவ்வொரு முறையும் மணிபர்சை எண்ணிப் பார்க்கிறார். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.