சித்திரைப் பொருத்தம்

"ரெண்டு பேருக்கும் சித்திரை நட்சத்திரம். ஒரே நட்சத்திரத்துல கட்டி வச்சா வீடு போர்க்களம்தான் மோளே, எனக்குத் தெரியாதா?" என்று அனூப்பின் ஜாதகத்தை மகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார் ராமர்.

பொன்மணி அசரவில்லை. அவளும் அனூப்பும் மட்டாஞ்சேரி வானியல் கிளப்பில் சேர்ந்து நட்சத்திரம் பார்த்தே காதலித்தவர்கள். ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் கருவியைத் தொலைநோக்கியில் மாட்டி, மழை விட்ட மாலைகளில் எல்லாம் மொட்டைமாடியிலிருந்து சித்திரையைப் படம் எடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கையில் சாயாவைக் கொடுத்து, அப்பாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள்.

"இது வெள்ளிக்கிழமை எடுத்தது. ஒளியில ஒரு கோடு. இது சனிக்கிழமை. அதே கோடு ரெண்டாப் பிரிஞ்சிருக்கு பாருங்க. ஒண்ணையொண்ணு சுத்துற ரெண்டு நட்சத்திரம்ப்பா அது. ஒண்ணு நம்ம பக்கம் வந்து இன்னொண்ணு விலகிப் போறப்ப கோடு பிரியுது. தூரத்துல இருந்து பார்த்தா ஒண்ணாத் தெரியுது. அவனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு!"

ராமர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கோடு இரண்டாகத்தான் இருந்தது.

"அப்ப தோஷமே இல்லையே! பையனை வீட்டுக்கு வரச் சொல்லு."

அடுக்களையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்த சுப்பம்மாள் கத்தியோடு வந்து நின்றாள்.

"அப்ப சித்திரையில பொறந்த நீங்களும் நானும்கூட ஒரே நட்சத்திரம் இல்லையா? கல்யாணம் ஆன நாள்லேருந்து என்கிட்ட மல்லுக்கு நின்னுட்டு, 'நான் என்ன செய்ய, எல்லாம் சித்திரை செய்யுற வேலை'ன்னீங்களே. அதெல்லாம் யாரு செஞ்ச வேலை?"

ராமர் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மோளே, ஒரு கோடுதான் தெரியுது," என்றார்.